நான் அனுப்பிய ஒரு லிங்க்



போன வாரம் ஊருணிப் படம் போட்டபோது ஆளாளுக்கு வந்து பழைய கதை பேசினீர்கள். சந்தோசமாக இருந்தது. இன்றைக்கு எழுதுவது அப்படி லேசான விஷயம் இல்லை. மூன்று மாதமாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவும் இருக்கும். ரிட்டயர் ஆன டீச்சருக்கு வேறென்ன வேலை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையைப் பற்றியது. அவனிடம் சம்மதம் வாங்கி, போனில் முழுவதும் வாசித்துக் காட்டி, அவன் வேண்டாம் என்ற இடங்களை எடுத்துவிட்டுத்தான் போடுகிறேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, எந்த வருசத்து செட் என்பதும் இல்லை. சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். ஆகவே "டீச்சர், இது இன்னார்தானே?" என்று யாரும் கீழே எழுத வேண்டாம். போன் போட்டுக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். "அவன்" என்று எழுதுகிறேன் இல்லையா, அந்த "ன்" எனக்கு வர நாலு வருசம் ஆனது. அந்தக் கதைதான் இது.

நான் வேலை பார்த்தது திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் என்பது உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் மிளகாய், பருத்தி, சோளம். பெய்யாவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம். அந்தப் பிள்ளையின் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். அம்மா காட்டு வேலை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டபின் ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் அதே பஸ்தான், அருப்புக்கோட்டைக்கு.

என் மகளுக்காக மதுரையில் ஹாரி பாட்டர் புத்தகங்கள் ஏழையும் வாங்கி வைத்திருந்தேன். அவள் பத்துப் பக்கம் தாண்டவில்லை. (அவளும் இதைப் படிப்பாள். படிக்கட்டும்.) காசு வீணாய்ப் போகிறதே என்று முதல் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பஸ் வரும் வரைக்கும் ஒரு பாரா இங்கிலீஷில் வாசிப்பேன், அப்புறம் நம்ம பேச்சில் சொல்லுவேன். தெரியாத சொல்லுக்கு டிக்‌ஷனரி பார்த்து ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி வைப்பேன். மற்ற பிள்ளைகள் இரண்டு நாளில் கழன்றுகொண்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் நகரவில்லை. இரட்டைச் சடை, மடித்த தாவணி, முழங்காலில் எந்நேரமும் ஒரு சிராய்ப்பு.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்தில் வளர்கிற பையன். அவன் யார் என்பது அவனுக்கே தெரியாது. ஒருநாள் கடிதம் வருகிறது: உன் இடம் இது இல்லை, உனக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, வா. இந்தக் கதை ஏன் அந்தப் பிள்ளையை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஏழைப் பிள்ளை, அதனால்தான் என்று நினைத்தேன். இரண்டாவது புத்தகம் முடிவதற்குள் எனக்கு முன்னால் தானே வாசிக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று வருசத்தில் ஏழு புத்தகமும் முடித்தோம். ஐந்தாவது புத்தகம் தலையணை தண்டிக்கு இருக்கும், அதற்கே ஒரு வருசம் ஓடிவிட்டது.

அந்த ஐந்தாவது புத்தகத்தில் ஒரு சின்ன இடம். ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் பெண்பிள்ளைகள் தங்கும் அறைக்கு ஏறுகிற படிக்கட்டில் ஆண்பிள்ளை கால் வைத்தால் படியெல்லாம் சறுக்குமரமாக மாறிக் கீழே தள்ளிவிடும். ஹாரியின் சிநேகிதன் ரான் ஏறப் போய் விழுவான். நான் வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிள்ளை சிரிக்கவில்லை.

"டீச்சர், நான் ஏறுனா சறுக்குமா, சறுக்காதா?"

"நீ பொம்பளப் பிள்ளதான ஆத்தா, உனக்கு எதுக்குச் சறுக்கப் போகுது?"

"சறுக்கும்னு நெனைக்கிறேன் டீச்சர்."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டோம்.

அவன் காலேஜில் இருந்தபோது ஒரு லீவுக்கு என் வீட்டுக்கு வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "டீச்சர், நான் பொண்ணு இல்ல. சின்னதுலருந்தே இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

நான் அதட்டவில்லை, விரட்டவில்லை. அதையெல்லாம் செய்யாததாலேயே நல்லபடியாகப் பேசினேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொடுத்து, "எனக்கும் உன் வயசுல ஆம்பளையாப் பொறந்திருக்கலாம்னு தோணியிருக்கு ஆத்தா. எங்க அண்ணன் சைக்கிள எடுத்துட்டு எங்க வேணாலும் போவான். நான் பாத்திரம் தேச்சுக்கிட்டு இருப்பேன். பொம்பளயாப் பொறந்தா அந்த ஆத்திரம் வரும். அதுக்காக பொம்பளயே இல்லன்னு ஆயிருமா? இது வயசுக் கோளாறு. சரியாயிரும்" என்றேன். தலையை ஆட்டினான். காபியைக் குடித்தான். போய்விட்டான். அதற்குப் பிறகும் ஆசிரியர் தினத்துக்குத் தவறாமல் மெசேஜ் வரும், பொங்கலுக்கு வரும். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே இருந்தேன்.

இனி 2020.

ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்கும் மளிகைக்கும் தவிர வெளியே போகவில்லை. கண்ணுக்கு எட்டியதெல்லாம் போனில் படித்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் 6ஆம் தேதி ரௌலிங் அம்மா ட்விட்டரில் ஏதோ எழுதி உலகம் பூராவும் சண்டை. ஒரு கட்டுரையில் மாதவிலக்கு ஆகிறவர்கள் என்று பொதுவாகப் போட்டிருந்ததை, பெண்கள் என்ற சொல் இல்லையா என்று கேலியாகக் கேட்டிருந்தார். 10ஆம் தேதி தன் இணையதளத்தில் நீண்ட கட்டுரையே எழுதினார். குடும்ப வன்முறையும் பாலியல் தாக்குதலும் தனக்கு நேர்ந்ததை அதில் சொல்லியிருந்தார். பெண்களுக்கென்று உள்ள இடங்கள் பறிபோகும் என்று பயப்பட்டிருந்தார். இந்தக் காலத்தில் நிறையப் பெண்பிள்ளைகள் ஆணாக மாற நினைக்கிறார்கள், முப்பது வருசம் கழித்துப் பிறந்திருந்தால் தானும் மாற முயன்றிருக்கக்கூடும் என்றும் எழுதியிருந்தார்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அழுதுவிட்டேன். என் மனதில் இருந்ததை இவ்வளவு பெரிய எழுத்தாளர் எழுதியிருக்கிறாரே என்று ஒரு பெருமை. அன்று ராத்திரியே அந்த லிங்க்கை அவனுக்கு அனுப்பினேன். கூடவே இப்படி எழுதினேன்: "உன் ரைட்டரே சொல்லிட்டாங்க பாரு ஆத்தா. டீச்சர் சொன்னதக் கேக்கல. அவங்க சொன்னாலாவது கேளு."

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அந்த செப்டம்பர் 5ஆம் தேதி மெசேஜ் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. டிபியை எடுத்திருந்தான், அல்லது எனக்குத் தெரியாதபடி மறைத்திருந்தான்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது இந்த வருசம்தான் எனக்குத் தெரிந்தது. அவன் சொன்னதைச் சொல்கிறேன்.

அவனைப் போன்றவர்கள் நிறையப் பேருக்கு இந்தப் புத்தகங்கள்தான் ஒதுங்க நிழல். தமிழ், மலையாளம், வங்காளம் என்று கலந்த ஒரு சின்னக் கூட்டம், வாட்சப் குரூப்பில். திருநம்பிகள், திருநங்கைகள், பெண்ணை விரும்பும் பெண்கள், ஆணை விரும்பும் ஆண்கள். சொந்தப் பெயரை வீட்டில் சொல்ல முடியாதவர்கள் அங்கே தாங்களே வைத்துக்கொண்ட பெயரில் இருப்பார்களாம். 2007 அக்டோபரில் நியூயார்க்கில் வாசகர்கள் முன்பு, டம்பிள்டோர் ஆண்களை விரும்பியவர் என்று ரௌலிங் சொன்னார். புத்தகத்துக்குள்ளே வெளிப்படையாக எழுதாமல் முடிந்த பிறகு சொன்னாரே என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் பெரிய வாத்தியாரே நம்ம ஆள் என்று குதித்தவர்கள்தான் அதிகம். அந்த அம்மா நம்ம பக்கம் என்று இவர்கள் நம்ப அது ஒரு காரணம்.

2019 டிசம்பரிலேயே முதல் அடி விழுந்துவிட்டது. பாலினத்தை மாற்ற முடியாது என்ற கருத்தால் வேலை இழந்ததாக வழக்குப் போட்ட மாயா ஃபோர்ஸ்டேட்டர் என்ற பெண்ணுக்கு ஆதரவாக ரௌலிங் ட்வீட் போட்டார். குரூப்பில் எல்லாரும் கொதித்தபோது இவன்தான் வக்காலத்து வாங்கினானாம். விவரம் தெரியாமல் போட்டிருப்பார், யாராவது எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வார் என்று. ஆறு மாதம் அப்படியே சண்டை போட்டிருக்கிறான். ஜூனில் அந்தக் கட்டுரை வந்தபோது ஊரடங்கில் தனியாக ஒரு மேன்ஷன் அறையில் இருந்தான். படித்து முடித்துவிட்டு, அது தன்னைப் பற்றியே எழுதியது போல இருந்தது என்றான். ஆணாக நினைத்துக்கொள்ளும் பெண்பிள்ளைகள் என்று அவர் எழுதியதில் அவன் இருக்கிறான். அவனுடைய இத்தனை வருச வேதனைக்கு அவர் வைத்த பெயர் குழப்பம். அன்று ராத்திரி போன் ஒளிர்ந்தது. நான் அனுப்பிய லிங்க்.

"திட்டுறவங்க திட்டட்டும்னு பழகிருச்சு டீச்சர்" என்றான். 2015 பொங்கலுக்கு ஷங்கர் எடுத்த ஐ படம் வந்தது ஞாபகம் இருக்கும். விக்ரம் என்றால் இவனுக்கு உயிர். அருப்புக்கோட்டையில் தியேட்டர் நிறைந்த கூட்டத்தில் சித்தப்பா மகன்களோடு போயிருக்கிறான். அதில் திருநங்கையாக வரும் பாத்திரத்தை நாயகனும் அவன் கூட்டாளியும் கேலி செய்வார்கள். அதை எதிர்த்துச் சென்னையில் தணிக்கைத் துறை அலுவலகம் முன்பு திருநங்கைகள் போராடினார்கள். தியேட்டரே சிரித்தது, இவனும் சிரித்தான். "சிரிக்கலன்னா என்னையப் பாப்பாங்கல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி தூங்கிட்டேன் டீச்சர். சினிமாக்காரங்க அப்படித்தான்னு இருந்துச்சு. இது அப்படி இல்ல. அங்க அடி வாங்கிட்டு நான் ஓடிப்போற வீடே இதுதான். அந்த வீட்டுக்காரம்மா நீ யாரு, வெளிய போன்னு சொன்ன மாதிரி ஆகிருச்சு."

இதைக் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் சொன்னான். கோபம்கூடப் போய்விடுமாம், வெட்கம்தான் போகவில்லையாம். "எனக்கு ஏன் தெரியாமப் போச்சு? ஏழு புத்தகத்தையும் எத்தனை தடவ படிச்சிருக்கேன். எங்கயாவது ஒரு இடத்துல தெரிஞ்சிருக்கணும்ல?" என்று மறுபடி முதலில் இருந்து தேடியிருக்கிறான், நெல்லில் கல் பொறுக்குகிற மாதிரி. பிடித்த இடம் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு படித்திருக்கிறான். அப்படிப் படித்ததில் கல் கிடைத்ததோ இல்லையோ, ருசி போய்விட்டது. "செத்துப் போனவங்களுக்குன்னா ஒப்பாரி வைக்கலாம் டீச்சர். பதினாறு கும்பிட்டுட்டு வேலையப் பாக்கலாம். இவங்க உயிரோட இருக்காங்க, தினமும் காலைல ட்வீட் போடுறாங்க. இதுக்கு எப்படி அழுகுறது?"

அவன் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் ஒரு வழி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி அட்டையில் எழுத்தாளர் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டாள். ஒருவன் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டு மறுநாள் போய்த் திரும்ப வாங்கி வந்தானாம். வெளிநாட்டிலும் இதே கதைதான். ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃப், கட்டுரைக்கு இரண்டு நாள் முன்பே, திருநங்கைகள் பெண்கள்தான் என்று அறிக்கை விட்டார். புத்தகத்தில் வாசகனுக்குக் கிடைத்தது வாசகனுக்கும் புத்தகத்துக்கும் இடையில் உள்ளது, அதை யாரும் பறிக்க முடியாது என்ற பொருள்பட அதில் ஆறுதலும் சொல்லியிருந்தார். பல லட்சம் பேர் படிக்கிற மகிள்நெட், லீக்கி கால்ட்ரன் என்ற இரண்டு ரசிகர் தளங்களும் அந்த ஜூலையில் அவரிடமிருந்து விலகிக்கொண்டன. புத்தகத்தில் வரும் துடைப்ப விளையாட்டை நிஜமாகவே ஆடுகிற சங்கங்கள் 2022இல் அதன் பெயரையே குவிடிச் என்பதிலிருந்து குவாட்பால் என்று மாற்றிவிட்டன. வணிகப் பெயர் உரிமை ஒரு காரணம், இவர் பேச்சு இன்னொரு காரணம்.

ராட்கிளிஃப் சொன்னது உதவியதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பாதி என்றான். கதை என்னுடையதுதான், ஆனால் காசு அவங்களுக்குத்தானே போகிறது என்றான். முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு செட் வாங்கியிருந்தான். பிரிட்டனில் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண் மட்டும்தானா என்று ஒரு அமைப்பு வழக்கு நடத்தியது. அதற்கு ரௌலிங் 2024இல் 70,000 பவுண்டு கொடுத்தார். 2025 ஏப்ரல் 16ஆம் தேதி அங்குள்ள உச்ச நீதிமன்றம், சமத்துவச் சட்டத்தில் வரும் பெண் என்ற சொல் பிறப்பால் பெண்ணானவரையே குறிக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. சுருட்டும் கையுமாகப் படம் போட்டுக் கொண்டாடினார் அவர். "என்னோட மொத சம்பளத்துலருந்து ஒரு ரூவாயாவது அதுல சேந்திருக்குமோன்னு தோணும் டீச்சர்" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் செட்டைத் தினசரி பேப்பரில் சுற்றிப் பரண் மேல் போட்டிருக்கிறான்.

அந்த அம்மாவுக்கும் நான் நியாயம் செய்ய வேண்டும். அவர் பட்ட அடி பொய் இல்லை. அடிபட்ட பெண்களுக்காக எடின்பரோவில் சொந்தப் பணத்தில் உதவி மையம் நடத்துகிறார். தனக்கு யார் மீதும் வெறுப்பில்லை என்றுதான் சொல்கிறார். அதை நான் நம்பவும் செய்கிறேன். ஏனென்றால் எனக்கும் வெறுப்பு இல்லை. அவன் மீது கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தோடுதான் "சரியாயிரும்" என்றேன். என் வலியை எடுத்து அவன் வலிக்கு அளவுகோலாக வைத்தேன். சைக்கிள் கிடைக்காத ஆத்திரம் எனக்கு இருந்தது. அதனால் அவனுக்கு இருப்பதும் அதேதான் என்று முடிவு கட்டினேன். நீ யார் என்று அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் நான் பஸ்ஸில் தினமும் கடந்து போனது எந்த ஊரை? திருச்சுழியில் பிறந்த ஒரு பையன் 1896இல், பதினாறு வயதில், மதுரையில் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குச் சொல்லாமல் திருவண்ணாமலைக்குப் போனான். "நான் யார்?" என்று கேட்டதற்காகத்தான் ரமணர் என்று கும்பிடுகிறோம். அந்த வீட்டுக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவள் நான்.

நான் மாறியது நல்ல மனசால் அல்ல. ஒரு நீதிபதியைப் பார்த்துத்தான். 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பிள்ளைகள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? இந்த விஷயம் எனக்கு முழுசாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஜூன் 7ஆம் தேதி உத்தரவில், தானும் தவறான எண்ணம் கொண்ட பெரும்பான்மையில் ஒருவனாகத்தான் இருந்தேன் என்று எழுதினார். மாற்றுகிறேன், குணப்படுத்துகிறேன் என்று டாக்டர்கள் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை போட்டார்.

நாற்காலியில் இருக்கிற ஒருவர் எனக்குத் தெரியாது என்று சொன்னது என்னை என்னவோ செய்தது. முப்பத்து நாலு வருச சர்வீஸில் ஒரு வகுப்பிலாவது நான் அப்படிச் சொன்னதில்லை. தெரியாத சொல் வந்தால்கூட, "வீட்டுல போய்ப் பாத்துட்டு வாங்க" என்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறேன். நினைவிருக்கிறதா?

அப்புறம்தான் தேடிப் படித்தேன். ரேவதியின் "உணர்வும் உருவமும்", லிவிங் ஸ்மைல் வித்யாவின் "நான் வித்யா", சு. சமுத்திரத்தின் "வாடாமல்லி". இந்த மண்ணுக்காரர் கி.ரா., திருநங்கை என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே "கோமதி" என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். என் வீட்டு அலமாரியில் இருந்த தொகுப்பில்தான் அது இருந்தது, நான் புரட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லாம் திருநங்கைகளைப் பற்றியது. திருநம்பிகளின் வாழ்க்கையை நான் முதலில் படித்தது ரேவதி பிற்பாடு ஆங்கிலத்தில் கொண்டுவந்த நூலில்தான்.

ஒரு கேள்வி எனக்கே வந்தது. நான் திருக்குறள் பைத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். அதில் பெண்வழிச்சேறல் என்று ஒரு அதிகாரம் உண்டு, 91ஆவது. மனைவி பேச்சைக் கேட்கிறவனுக்கு மரியாதை இல்லை என்கிற அதிகாரம். அங்கே வரும்போதெல்லாம் ஒரு பெண்ணாக எனக்கு முகம் சுருங்கும். அந்தக் காலம் அப்படி என்று தாண்டிப் போய்விடுவேன். அதேபோல இவனும் தாண்டிப் போக வேண்டியதுதானே? இதை அவனிடமே கேட்டேன். "வள்ளுவர் உங்களுக்கு எதிரா கேஸ் நடத்த யாருக்காவது காசு குடுக்குறாரா டீச்சர்?" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

2021இல் புத்தி வந்தது. மெசேஜ் போட 2024 ஆகிவிட்டது. நடுவில் இருந்த மூன்று வருசம் வெட்கம்தான், வேறு காரணம் இல்லை. ஒரு ராத்திரி எழுதினேன்: "நான் அனுப்புன லிங்க் தப்பு. காபி குடிச்சப்ப சொன்னதும் தப்பு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்." பதினோரு நாள் கழித்து ஒரு வரி வந்தது. "பாத்தேன் டீச்சர்."

பேச ஆரம்பித்தபோது எனக்குத் தமிழே மறந்துபோனது. இங்கிலீஷில் எப்படியோ, நம்ம பேச்சில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால் முடிவில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். வந்தானா, வந்தாளா. நேரில் கூப்பிட்டாலும் ஆத்தாவா, ஐயாவா என்று வந்துவிடும். பழக்கத்தில் ஆத்தா வந்துவிடுமோ என்ற பயத்தில் "சாப்பிட்டாச்சா, வேலைக்குக் கிளம்பியாச்சா" என்றே கொஞ்சநாள் ஓட்டினேன். கண்டுபிடித்துவிட்டான். "டீச்சர், தப்பா வந்தாலும் பரவால்ல, பேசுங்க" என்றான். இரண்டு தடவை தப்பாக வந்தது. மூன்றாவது தடவை "சரிய்யா" என்று வந்துவிட்டது. அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமே இல்லை.

இந்த வருசம் வைகாசியில் வீட்டுக்கு வந்தான். தாடி வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணி வரை பேசினோம். மேலே எழுதியதெல்லாம் அங்கே பேசியதுதான். அவன் சொன்னதில் ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், அவன்தான் எழுதுங்கள் என்றான்.

"ரௌலிங் குரல் எப்படி இருக்கும்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது டீச்சர். வேப்ப மரத்தடியில நீங்க வாசிச்சதுதான் அவங்க குரல். அந்தக் கட்டுரையையும் நீங்க வாசிக்கிற மாதிரிதான் காதுல கேட்டுச்சு. அதுக்கப்புறம் நீங்களே அனுப்பிட்டீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே பதறிப்போய், "மன்னிச்சிட்டேன்னு மட்டும் இப்ப சொல்லச் சொல்லாதீங்க. அது வரும்போது வரும்" என்றான். சரி என்றேன். அவனை அவசரப்படுத்த எனக்கு என்ன உரிமை?

மறுநாள் காலையில் கிளம்பும்போது அலமாரியைப் பார்த்தான். ஏழும் அங்கேயே இருக்கிறது. எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு ஐந்தாவதை எடுத்தான். வாசிக்கவில்லை. ஓரத்தில் இருக்கும் என் பென்சில் எழுத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே பக்கம் பக்கமாகப் போனான். படிக்கட்டு வருகிற பக்கத்தில் "சறுக்குமரம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருந்தேன். எதற்குப் போட்டேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டான். புத்தகத்தை வேண்டுமானால் கொண்டுபோ என்றேன். வேண்டாம் டீச்சர், இங்கேயே இருக்கட்டும் என்று திரும்ப அதே இடத்தில் செருகினான்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். நல்ல முகூர்த்த நாள், மதுரை பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. படிக்கட்டில் ஏறி நின்று என்னைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அண்ணே, படியில நிக்காதீங்கண்ணே, உள்ள தள்ளிப் போங்க" என்று ஒரு சத்தம் போட்டார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனான்.